காகிதத்தில் அணையாத விளக்கு

அன்று அந்த மாடி அறையில் இருந்தவர்கள் இவர்கள்.

மேசைக்குப் பின்னால் நடுவில் ஆபரேஷன்ஸ் மேனேஜர். விமானப்படையில் இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கு இடப்பக்கம் ஒரு கேப்டன். என்னைவிட நான்கு வயது சின்னவர். வலப்பக்கம் டைப்ரைட்டரோடு ஓர் அம்மா. மேசைக்கு எதிரே மூன்று நாற்காலிகள். முதலாவதில், அமெரிக்காவில் பறக்கக் கற்றுத் திரும்பிய ஒருவர். ஷூ பளபளவென்று இருந்தது. இரண்டாவதில் பெங்களூரிலிருந்து வந்த ஒருவர். மூன்றாவதில் நான்.

பல்லாவரம், ஜி.எஸ்.டி. ரோடு. கீழே டயர் கடை. அறை முழுக்க ரப்பர் வாசனை. வெள்ளிக்கிழமை என்பதால் சந்தைச் சத்தம் ஜன்னல் வழியாக வந்துகொண்டிருந்தது. கோழி, பழைய மோட்டார், பூச்செடி எல்லாவற்றையும் ஒரே ராகத்தில் விற்றார்கள். அவ்வப்போது ஒரு விமானம் தலைக்கு மேல் இறங்கியது. அப்போதெல்லாம் அறையில் இருந்த ஆறு பேரில் ஐந்து பேர் பேச்சை நிறுத்தி மேலே பார்த்தோம். டைப்ரைட்டர் அம்மா மட்டும் பார்க்கவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கம். தனியார் கம்பெனிகள் சின்ன ஊர்களுக்கு விமானம் விடலாம் என்று ஆகியிருந்த நேரம். எங்கள் கம்பெனிக்கு இரண்டு விமானம், ஓர் அறை. அதனால் மூன்று பேரையும் ஒன்றாகவே உட்காரவைத்துக் கேட்டார்கள்.

மேனேஜர் என் காகிதங்களைப் புரட்டினார்.

"பத்தாவதுக்கு அப்புறம் என்ன படிச்சீங்க?"

"ஒண்ணும் படிக்கல சார். பறந்தேன்."

"லைசென்ஸ் வாங்கி அஞ்சு வருஷம் ஆச்சு. இதுவரைக்கும் என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

"வேன் ஓட்டினேன் சார். ஏர்போர்ட்டுக்கு."

"யாரை ஏத்திக்கிட்டு?"

"பைலட்டுகளை சார்."

டைப்ரைட்டர் நின்றது. அந்த அம்மா அப்போதுதான் முதல் முறையாக நிமிர்ந்து பார்த்தார்.

கேப்டன் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "மேல இருக்கும்போது ஒரு விஷயம் உங்களுக்குத் தெரியலைன்னா என்ன பண்ணுவீங்க?"

"தெரியலைன்னு சொல்லுவேன் சார்."

அவர் ஏதோ எழுதிக்கொண்டார். அந்தப் பதிலுக்காகத்தான் என்னை எடுத்தார்கள் என்று பிறகு தெரிந்தது. அதை நான் காப்பாற்றாமல் போன ஒரு காலையைப் பற்றித்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன். நீங்கள் இப்போது புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்கள். உங்களுக்கு எல்லாம் புத்தகத்தில் இருக்கிறது. இது புத்தகத்தில் இல்லை.

என்னைப் பற்றிக் கொஞ்சம். அப்பாவுக்கு அஸ்தினாபுரத்தில் நிலம் இருந்தது. நெல் போட்டவர், பிறகு அதையே மனையாகப் பிரித்தார். அதில் மேற்குப் பக்கத்து மனை ஒன்று, எண்பதுகளில், மீனம்பாக்கத்தில் நான் பறந்த மணி நேரங்களாக மாறியது. லைசென்ஸுக்கு அன்று பத்தாவது பாஸ் போதும். வேலைக்குப் போதவில்லை. வேன் ஓட்டிக்கொண்டே, லைசென்ஸ் செத்துப்போகாமல் இருக்க வருடத்துக்குச் சில மணி நேரம் பறந்தேன். கம்பெனி என்னை எடுத்தபோது எனக்கு முப்பத்துநான்கு வயது. ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தது. ஆறு மாதப் பயிற்சி. கடைசியில் பயணிகளோடு ஒரு பரீட்சைப் பறப்பு. அதில் தேறாவிட்டால் வீட்டுக்கு. அந்த வயதில் வேறு கம்பெனி என்னைக் கூப்பிடாது. இது எனக்கும் தெரியும், என் மனைவி கஸ்தூரிக்கும் தெரியும்.

விமானம் ஒரு நாற்பத்துநான்கு இருக்கை விமானம். இரண்டு என்ஜின், இரண்டு காற்றாடி. மதுரை, திருச்சி, கோயம்புத்தூர். இன்று நீங்கள் பழகும் சிமுலேட்டர் என்கிற பொம்மை விமான அறை எல்லாம் எங்களிடம் கிடையாது. காலி விமானம் எப்போதாவது கிடைக்கும். மற்ற நேரத்துக்குக் காகிதம்தான்.

பழைய மாதக் காலண்டர் தாள்கள் எட்டை எடுத்தேன். பின்பக்கம் வெள்ளையாக இருக்கும். ஒட்டி, படுக்கையறைச் சுவரில் மாட்டினேன். நிஜ விமானத்தில் நூல் பிடித்து அளவெடுத்து வந்து, ஒவ்வொரு முள்ளும் ஒவ்வொரு ஸ்விட்சும் இருக்கிற இடத்தில் வரைந்தேன். முன்னால் ஒரு முக்காலி. அதில் இரண்டு தோசைக் கரண்டிகளைக் கட்டினேன். அவைதான் பவர் கொடுக்கும் பிடிகள். கஸ்தூரி தாம்பரம் ஸ்டேஷன் பக்கத்துக் கடையில் ஸ்கெட்ச் பேனா வாங்கி வந்தாள். சக்கரங்கள், அதாவது கியர், இறங்கிப் பூட்டிக்கொண்டால் எரிகிற மூன்று விளக்குகளுக்கு நான் பச்சை தீட்டினேன். அழகாக வந்தது. கோட்டுக்கு வெளியே போகவில்லை.

காலையில் கஸ்தூரி வந்து நிற்பாள்.

"மாவு ஊத்தணும். என்ஜினைக் கழட்டித் தாங்க."

"ஒண்ணு போதுமா?"

"ஒண்ணு போதும். இன்னொண்ணுல சமாளிச்சுக்குங்க. அதுக்குத்தானே டிரெயினிங்."

அவள் தாம்பரம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். காதில் கருவி மாட்டிக்கொண்டு நாள் முழுக்க வெளியூர்க் கால்களை இணைத்துவிட்டு வருவாள். சாயங்காலம் கட்டிலில் உட்கார்ந்து எனக்குச் செக்லிஸ்ட் வாசிப்பாள். நம் தொழிலின் வழக்கம் உங்களுக்குத் தெரியும். ஒருவர் கேட்க வேண்டும், மற்றவர் பார்த்துவிட்டுப் பதில் சொல்ல வேண்டும். எனக்கு இங்கிலீஷ் வேகமாக வராது. அந்தக் கூச்சம் இருந்தது. அதனால் பதில்களைப் பாட்டு மாதிரி மனப்பாடம் செய்தேன். அவள் முதல் எழுத்தைச் சொல்வதற்குள் நான் முடித்திருப்பேன்.

"கியர்?"

"டவுன். த்ரீ கிரீன்."

"ஃப்ளாப்?"

"செட்."

"முருங்கைக்காய்?"

"செக்ட்."

"பால் பாக்கெட்?"

"செட்."

அவள் சிரித்துக்கொண்டே செக்லிஸ்டை மடியில் போட்டாள். "எங்க எக்ஸ்சேஞ்சுல புதுசா வர்ற பொண்ணுங்க இப்படித்தான். ஆளு ஊர்ப் பேரையே சொல்லியிருக்க மாட்டான், அதுக்குள்ள லைன் பிஸின்னுடுவாங்க."

"நான் வேகமா சொல்லணும் இல்ல."

"வேகமா சொல்றீங்க. என்ன சொல்றீங்கன்னுதான் உங்களுக்கே தெரியல."

நானும் சிரித்தேன். அது ஒரு வேடிக்கை என்று விட்டுவிட்டேன். வேகம் வந்துவிட்டதே என்று உள்ளூரச் சந்தோஷம்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கட்டிலில் படுத்தால் அந்தக் காகிதம் நேர் எதிரே இருக்கும். ஃபேன் காற்றில் அது மெல்ல உப்பும், அடங்கும். தூங்குகிற ஆளின் வயிறு மாதிரி. என் கண் பாதி மூடியதும் கட்டில் நகர ஆரம்பிக்கும். ஜன்னல் கம்பி வழியாக, சத்தமே இல்லாமல், வெளியே. குரோம்பேட்டை ஸ்டேஷன் மேலே போவோம். மின்சார ரயில் கீழே எங்கோ ஊதும். திரிசூலம் மலையில் கல் உடைக்கிற புழுதி வெள்ளையாக எழுந்து அப்படியே நிற்கும். செம்பாக்கம் ஏரியில் கட்டிலின் நிழல் ஓடும், நான்கு காலோடு. கரையில் துணி துவைப்பவர்கள் கண்ணுக்கு மேல் கை வைத்துப் பார்ப்பார்கள். பிறகு ரன்வே வரும். யாரோ இப்போதுதான் விரித்துப் போட்ட வேட்டி மாதிரி நீளமாக. கட்டில் அதில் இறங்கும்போது ஒரு துளி அதிர்ச்சி இருக்காது. விழித்தால் காகிதம் உப்பி அடங்கிக்கொண்டிருக்கும்.

ஐந்து மாதம் இப்படிப் போனது. அந்தக் கனவில் ஒரு தடவைகூட எதுவும் பழுதாகவில்லை. மூன்று விளக்கும் எப்போதும் பச்சை.

பரீட்சைப் பறப்பு, ஒரு காலை, மதுரையிலிருந்து சென்னை. இடது இருக்கையில் அந்த இளைய கேப்டன். அவர்தான் பரீட்சகர். வலது இருக்கையில் நான். விமானத்தை ஓட்டுவது நான். ரேடியோவும் செக்லிஸ்டும் அவர். பின்னால் இரண்டு பணிப்பெண்கள், பயணிகள்.

நல்லபடியாகப் போனது. மிக நல்லபடியாக. அதையும் ஓர் ஆபத்தாக நினைக்கப் பழகுங்கள்.

செங்கல்பட்டு தாண்டிக் கீழே வரும்போது பனிமூட்டம் மெல்லிசாக இருந்தது. ஏரிகள் ஒன்றன்பின் ஒன்றாக வெயிலை வாங்கி வாங்கி எங்களுக்குக் கொடுத்தன. வலது பக்கம் தாம்பரம் வந்தது. ரயில் பாதைகள் பிரிந்து சேர்கிற இடம். அதற்கு அப்பால் அஸ்தினாபுரம். மொட்டைமாடிகளில் துணி காய்ந்தது. அதில் எங்கள் மாடி எது என்று தேடினேன். தேடியிருக்கக் கூடாது. ஆனால் ஐந்து மாதம் கட்டிலில் பார்த்த ஊர் அப்படியே கீழே இருந்தது. எனக்கு எது கட்டில் எது விமானம் என்று கொஞ்ச நேரம் பிரிக்கத் தெரியவில்லை.

மேற்கே போய்த் திரும்பி ரன்வேக்கு நேராக வந்தோம். கிழக்குப் பார்த்த ரன்வே. காலைச் சூரியன் நேர் முன்னால்.

"கியர் டவுன்," என்றேன். கேப்டன் பிடியை இறக்கினார். காலுக்கு அடியில் சக்கரங்கள் இறங்கும் சத்தம் கேட்டது. அந்த நேரம் டவர் கூப்பிட்டது. அவர் பதில் சொன்னார். சொல்லிக்கொண்டே செக்லிஸ்டை எடுத்தார்.

"கியர்?"

"டவுன். த்ரீ கிரீன்."

என் கண் ரன்வேயில் இருந்தது. வாய்தான் சொன்னது.

அவர் அடுத்த வரிக்குப் போனார். என் குரலில் அவ்வளவு நிச்சயம் இருந்தது.

ஐநூறு அடி. வெயில் கண்ணில் குத்தியது. ஒரு கணம் தலையைக் குனிந்தேன். வேறு காரணம் இல்லை, கண் கூசியது, அவ்வளவுதான். குனிந்தபோது விளக்குகள் தெரிந்தன. இரண்டு பச்சை. மூன்றாவது இடத்தில் ஒன்றும் இல்லை.

இதற்குப் பிறகு தரைக்கு முக்கால் நிமிடம்கூட இல்லை. அதில் நான் என்ன நினைத்தேன் என்பதை மறைக்காமல் சொல்கிறேன். முதலில், வெயிலில் தெரியவில்லை என்று நினைத்தேன். பிறகு, பல்பு போயிருக்கும் என்று நினைத்தேன். பிறகு, இப்போது வாயைத் திறந்தால் பார்க்காமல் சொன்னது தெரிந்துவிடும், பரீட்சை போய்விடும் என்று நினைத்தேன். மூன்றும் என் வேலையைப் பற்றிய நினைப்பு. சக்கரத்தைப் பற்றி நான்காவதாகத்தான் நினைத்தேன்.

"சார், ரெண்டுதான் எரியுது."

"என்னது?"

"ரெண்டுதான். நான் மேல போறேன்."

பவரைக் கொடுத்துவிட்டுத்தான் சொல்லி முடித்தேன். அவர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார்.

"போங்க," என்றார்.

ரன்வே எங்களுக்குக் கீழே நழுவிப்போனது. சக்கரம் சரியாகப் பூட்டவில்லை என்றால் அலற ஒரு மணி இருக்கிறது. ஆனால் அது பவரைக் குறைத்த பிறகுதான் அலறும். நாங்கள் இன்னும் குறைத்திருக்கவில்லை. குறைக்கிற இடத்தில் அது அலறியிருக்கும். யோசிக்க எவ்வளவு நேரம் மிச்சம் இருந்திருக்கும் என்பதை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

டவர் எங்களைத் தெற்கே அனுப்பியது. வண்டலூருக்கும் ஊரப்பாக்கத்துக்கும் மேல் சுற்றச் சொன்னார்கள். "நீங்களே ஓட்டுங்க. நான் இதைப் பாக்கறேன்," என்றார் கேப்டன்.

அந்தச் சுற்றல் எவ்வளவு நேரம் என்று கேட்டால் இருபத்தைந்து நிமிடம் என்று காகிதம் சொல்லும். எனக்கு அது ஒரு முழு மத்தியானம். விமானத்தைச் சாய்த்துப் பிடித்தபடி இருந்தேன். கீழே காடு, பிறகு ரோடு, பிறகு ரயில் பாதை, பிறகு புது வீடுகளுக்குக் குறி போட்ட செம்மண், மறுபடி காடு. மின்சார ரயில் ஒன்று ஊரப்பாக்கத்தில் நின்றது. அடுத்த சுற்றில் அது கூடுவாஞ்சேரியில் இருந்தது. ஆட்கள் இறங்கி, ஏறி, அவரவர் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். யாரும் மேலே பார்க்கவில்லை. காற்று இல்லை. விமானம் தண்ணீரில் விட்ட இலை மாதிரி போனது. வாழ்க்கையில் அவ்வளவு சுத்தமாக நான் அதற்குப் பிறகும் வட்டம் போட்டதில்லை.

பக்கத்தில் கேப்டன் எரியாத விளக்கின் பல்பைக் கழற்றி, எரிகிற விளக்கின் பல்போடு மாற்றிப் போட்டார். கழற்றிய பல்பு பக்கத்து இடத்தில் நன்றாக எரிந்தது. மாற்றிப் போட்டது எரியவில்லை. ஆக, பல்பில் குறை இல்லை.

 

மூத்த பணிப்பெண் கதவைத் திறந்து தலையை நீட்டினார். "சார், பன்னெண்டாம் நம்பர் சீட்டுக்காரர் கேக்கறாரு. வண்டலூர் ஜூவை நாலாவது தடவையா பாக்கறாராம்."

"இன்னும் ரெண்டு தடவை பாக்கலாம், டிக்கெட் கிடையாதுன்னு சொல்லுங்க," என்றார் கேப்டன்.   பிறகு அந்தப் பெண்ணிடம் மெதுவாக, "இறங்கறப்போ எல்லாரையும் குனிஞ்சு உக்காரச் சொல்ல வேண்டி வரலாம். தயாரா இருங்க," என்றார். அந்தப் பெண் சிரிப்பை முகத்திலேயே வைத்துக்கொண்டு கதவைச் சாத்தினார்.

சக்கரத்தை மேலே இழுத்து மறுபடி இறக்கினோம். இரண்டுதான். மாற்று வழியில் இறக்குவதற்கு ஒரு பிடி உண்டு. கேப்டன் அதை இழுத்தார். ஒன்றும் இல்லை. இன்னும் பலமாக இழுத்துப் பிடித்தார். ஊரப்பாக்கம் கீழே போனது. பிறகு காலுக்கு அடியில், பெட்டியைக் கீழே வைத்த மாதிரி ஒரு சத்தம். மூன்றாவது விளக்கு எரிந்தது.

இந்தத் தடவை அவர் "கியர்?" என்று கேட்டபோது நான் விரலை வைத்து எண்ணிவிட்டுச் சொன்னேன்.

இறங்கினோம். மெதுவாகவே இறங்கினோம். பயணிகள் போனார்கள். பன்னிரண்டாம் நம்பர்க்காரர் போகும்போது ஜூவுக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனார் என்று பணிப்பெண் சொன்னார்.

என் கதையில் ஆபத்து முடிந்தது என்று நினைப்பீர்கள். இல்லை. ஆபத்து இங்கேதான் இருந்தது.

என்ஜின் நின்றபின் கேப்டன் பழுது எழுதும் புத்தகத்தை எடுத்துத் தொடையில் வைத்தார். பேனாவைத் திறந்தார். எழுதவில்லை.

"முதல்ல மூணும் எரிஞ்சது," என்றார். "அப்புறம் ஒண்ணு அணைஞ்சது. நீங்க அதைக் கவனிச்சு மேல போனீங்க. அப்படித்தானே?"

அவர் கெட்டவர் இல்லை. அதைப் புரிந்துகொள்ளுங்கள். அவரும் பார்க்கவில்லை. பரீட்சகர் பார்க்காமல் விட்டார் என்றால் அவர் நாற்காலியும் போகும். இப்படி எழுதினால் நான் தேறிவிடுவேன். தேறுவது மட்டும் இல்லை, கூர்மையான கண் என்று பேர் வரும். முப்பத்துநான்கு வயது வேன் டிரைவர் பைலட் ஆகிவிடுவான். எனக்கு ஒரு "ஆமா சார்" சொன்னால் போதும். அதுவும் பழகிய வாய்.

நான் பதில் சொல்வதற்குள் என்ஜினியர் ஏணியில் ஏறி வந்துவிட்டார். பல்லாவரத்துக்காரர். எண்ணெய்த் துணி தோளில். கதவில் சாய்ந்து நின்று எங்களைப் பார்த்தார்.

"இன்னா சார், லைட்டு வந்து போச்சா, வரவே இல்லியா? அத்த மொதல்ல சொல்லு."

"ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?" என்றார் கேப்டன்.

"வந்து போச்சுன்னா ஒயரு. அர அவர்ல ஒட்டி வுட்டுடுவேன், மத்தியானம் வண்டி மதுரைக்குப் பூடும். வரவே இல்லன்னா லாக்கு. ஜாக்கி போட்டு வண்டியத் தூக்கணும், அல்லாத்தையும் பிரிக்கணும். ஷெட்யூலு பேஜாராய்டும். மேனேஜரு என்னியத் திட்டுவாரு."

"கைப்பிடி இழுத்ததும் எரிஞ்சுதே."

"இழுத்த குலுக்கல்ல ஒயரும் ஒட்டிக்கும், லாக்கும் வுழும். அத்த வெச்சு ஒண்ணியும் சொல்ல முடியாது. மொதல்ல வந்துச்சா இல்லியா, அதான் கேக்கறேன்."

கேப்டன் என்னைப் பார்த்தார். என்ஜினியரும் பார்த்தார். வெளியே யாரோ சாமான் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்கள். அதன் ஒரு சக்கரம் கிறீச்சிட்டது. 

"தெரியல," என்றேன்.

"தெரியலன்னா?"

"நான் பாக்கல. பாக்காமலே மூணுன்னு சொன்னேன்."

என்ஜினியர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அவருக்கு அது பாவமன்னிப்பு இல்லை, தகவல். "அப்ப லாக்குன்னே வெச்சிக்கறேன்," என்று இறங்கிப் போனார்.

கேப்டன் பேனாவைப் புத்தகத்தில் வைத்தார். "நானும் பாக்கல," என்றார், என்னிடம் இல்லை, கண்ணாடியிடம். பிறகு எழுதினார். இரண்டு பேர் பெயரையும் எழுதினார்.

மத்தியானம் மேனேஜர் கூப்பிட்டார். டயர் கடை மாடி. அதே மேசை.

"பொய் சொல்லியிருந்தா இந்நேரம் நீங்க எங்க பைலட்," என்றார்.

"ஆமா சார்."

"இப்ப இல்லை."

"ஆமா சார்."

"ஒப்பந்தப்படி உங்களை வீட்டுக்கு அனுப்பணும்."

"ஆமா சார்."

"எல்லாத்துக்கும் ஆமாங்காதீங்க. அதனாலதான் இங்க வந்து நிக்கறீங்க."

 அவர் ஜன்னலைப் பார்த்தார். முடிவு சொல்ல ஒரு வாரம் வேண்டும் என்றார். அந்த ஒரு வாரம் எனக்குத் தூக்கமும் இல்லை, கட்டிலும் பறக்கவில்லை.

முடிவு இதுதான். கேப்டன் ஒரு மாதம் யாருக்கும் பரீட்சை வைக்கக் கூடாது. நான் எட்டு வாரம் பறக்கக் கூடாது. பிறகு பயிற்சி முதலிலிருந்து. அந்த எட்டு வாரமும் கம்பெனி வேனை ஓட்டினேன். பல நாள் காலையில் நான் ஏற்றிப்போனது அந்தக் கேப்டனைத்தான். முதல் வாரம் பின்னால் உட்கார்ந்தார். பிறகு முன்னால் வந்து உட்கார்ந்தார்.

கஸ்தூரியிடம் அந்த முடிவைச் சொன்னபோது அவள் கேலி செய்யவில்லை. "சரி, சாப்பிடுங்க," என்றாள். மறுநாள் நான் வேனை விட்டுவிட்டு வந்தபோது சுவரில் என் மூன்று பச்சை வட்டங்களும் கத்தரித்து எடுக்கப்பட்டிருந்தன. ஓட்டைகளில் மூன்று அட்டை வட்டங்கள், குண்டூசியில் தொங்கின. ஒரு பக்கம் பச்சை, மறுபக்கம் கறுப்பு. வாசிக்கும்போது கையில் ஒரு துடைப்பக் குச்சி வைத்துக்கொள்வாள். நான் பார்க்காத நேரத்தில் ஏதாவது ஒன்றைத் திருப்பிவிடுவாள். சில நாள் திருப்பவே மாட்டாள். எல்லாவற்றையும் திருப்பிவிட்டுச் சாதுவாக உட்கார்ந்திருந்த நாளும் உண்டு. என் பதில் மெதுவானது. இங்கிலீஷும் மெதுவானது. யாரும் குறை சொல்லவில்லை.

நீங்களும் சுவரில் படம் ஒட்டிப் பழகுகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். நல்லது. விளக்குகளுக்கு மட்டும் வண்ணம் தீட்டாதீர்கள். உங்கள் வீட்டில் யாராவது ஒருவர் கையில் குச்சியைக் கொடுங்கள்.

இரண்டாவது பரீட்சையில் தேறினேன். அதில் சொல்ல ஒன்றும் இல்லை.

நான் முதல் பரீட்சையில் தோற்ற அந்த நாளின் சாயங்காலத்தைச் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன். மேனேஜர் அறையிலிருந்து வீட்டுக்குப் போகவில்லை. விமானத்தடிக்குத் திரும்பிப் போனேன். அதை ஜாக்கியில் தூக்கி வைத்திருந்தார்கள். என்ஜினியர் கூப்பிட்டு உள்ளங்கையைத் திறந்து காட்டினார். சக்கரத்தின் லாக்கில் இருந்த ஒரு ஸ்பிரிங். சுண்டுவிரல் நீளம். இரண்டாக உடைந்திருந்தது.

"காலையில அந்தக் கைப்பிடில வுழுந்தது உன் நல்ல நேரம்," என்றார். "ஒயர ஒட்டி அனுப்பியிருந்தா, அடுத்த தபா அதுவும் வுழாது. மதுரைல எறங்கறப்போ காலு மடிஞ்சிருக்கும்."

புது ஸ்பிரிங் போட்டார்கள். சக்கரத்தைப் பத்துத் தடவை ஏற்றி இறக்கினார்கள். மத்தியானம் போக வேண்டிய விமானம் சாயங்காலம் ஐந்தரைக்கு மதுரைக்குக் கிளம்பியது. வேறு கேப்டன், வேறு கோ-பைலட்.

வெயில் மஞ்சளாக இறங்கிக்கொண்டிருந்தது. தாமதத்தில் சலித்துப்போன ஜனங்கள் வரிசையாக நடந்து வந்தார்கள். பட்டுப்புடவை கட்டிய இரண்டு பேர். பிரம்புக் கூடையில் மாம்பழம் கொண்டுவந்த ஒருவர். கம்பெனியைத் திட்டிக்கொண்டே ஏறிய ஒரு வக்கீல். தோளில் தூங்குகிற கைக்குழந்தையோடு ஒரு பெண், ஏணியின் ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து ஏறினார். நான் ஏணிக்குக் கொஞ்சம் தள்ளி நின்றேன். எனக்கு அங்கே வேலை ஒன்றும் இல்லை. ஒவ்வொருவராகப் பார்த்து எண்ணினேன். குழந்தையையும் எண்ணினேன். பணிப்பெண்கள் இருவர், பைலட்டுகள் இருவர். கதவு சாத்தியது.

நாற்பத்து மூன்று.